கூடுதலாகக் கட்டிய வீட்டு வரி யாருக்குச் சேரும்?

வீட்டு வரியைப் பாக்கி வைத்தவருக்கு என்ன நேரும் என்பது மும்பையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பில் வரும். பிறகு நோட்டீசு வரும். மாதத்துக்கு 2 சதவீதம் வீதம் அபராதம் ஏறும். அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி. இவை எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்த நாளுக்குள் என்ற கெடுவும் இருக்கிறது.

கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகக் கட்டியவருக்கு என்ன நேரும்? பெரும்பாலும் ஒன்றும் நேராது. கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று எந்த அலுவலகமும் தானாகக் கடிதம் எழுதுவதில்லை. கட்டியவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மனுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் காத்திருக்க வேண்டும். பணம் ஒருவேளை திரும்பினாலும், அது கட்டியவர் கைக்கே வரும் என்ற உறுதியும் இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வரி திரும்பும் என்ற செய்தி பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் எவ்வளவு கோடி என்ற பேச்சே பெரிதாக இருக்கிறது. யாருடைய பணம், யாருக்குத் திரும்புகிறது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. செம்பூரிலும் முலுண்டிலும் சயான் கோலிவாடாவிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீடு வாங்கிய தமிழர்களுக்கு அந்தக் கேள்விதான் சொந்தக் கேள்வி.

பழைய முறை

மும்பை மாநகராட்சியின் வரி விதிப்புக்கு அடிப்படை 1888-ஆம் ஆண்டுச் சட்டம். 2010 வரை அதன்படி வாடகை மதிப்பே அளவுகோல். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பார்கள். அதில் பழுது பார்க்கும் செலவுக்காக 10 சதவீதத்தைக் கழிப்பார்கள். மீதித் தொகை மீது வரி போடுவார்கள்.

கேட்பதற்கு நியாயமான முறைதான். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டிடங்களின் வாடகையைப் பல ஆண்டுகளுக்கு முன் இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் மதிப்புப் போட்டு வரி விதிக்கக் கூடாது என்று 1970-களில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புகள் அளித்தது. விளைவு விசித்திரமாக இருந்தது. தென் மும்பையில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய மாளிகைக்கு வரி குறைவு. புறநகரில் புதிதாகக் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு வரி அதிகம். மாளிகையில் இருந்தவரைவிட, மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன குமாஸ்தா தன் சதுர அடிக்குக் கூடுதல் வரி கட்டினார்.

இதைச் சரி செய்வதற்காகவே மூலதன மதிப்பு முறை கொண்டு வரப்பட்டது. முத்திரைக் கட்டணத்துக்காக அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ‘ரெடி ரெக்கனர்’ விலையை அடிப்படையாக வைத்து, வீட்டின் பரப்பு, உபயோகம், கட்டிடத்தின் தன்மை, வயது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து வரி போடுவது இந்த முறை. 2010 ஏப்ரல் 1 முதல் இது அமலாகும் என்று அறிவிக்கப்பட்டது. வரி ஒரேயடியாக ஏறாமல் இருக்க, குடியிருப்புகளுக்குப் பழைய வரியைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரி உயராது என்றும் சட்டம் சொன்னது.

வழக்கும் தீர்ப்பும்

நோக்கம் சரியாக இருந்தாலும் விதிகளில் கோளாறு இருந்தது. முறை 2010-லிருந்து அமல் என்றார்கள். ஆனால் அதற்கான விதிகள் 2012-ல்தான் வந்தன. அதாவது, கணக்குப் போடும் விதி பிறப்பதற்கு முன்பே கழிந்துபோன காலத்துக்கும் அந்த விதியின்படி வரி கேட்கப்பட்டது.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு காலி மனையில் இன்று ஒன்றும் இல்லை. ஆனால் நாளை அதில் இத்தனை மாடி கட்டலாம் என்ற உரிமை இருக்கிறது. எப்.எஸ்.ஐ. என்று மும்பைக்காரர்கள் சொல்வது இதைத்தான். நாளைக்கு எழும்பப்போகும் மாடிகளுக்கும் சேர்த்து இன்றே மதிப்புப் போட விதிகள் இடம் கொடுத்தன.

சொத்து உரிமையாளர்களின் சங்கமும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது 2014-ல் மும்பை ஐகோர்ட்டு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தது. பழைய வரியை முழுமையாகக் கட்ட வேண்டும், புதிய வரிக்கும் பழைய வரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கட்ட வேண்டும் என்பது அந்த ஏற்பாடு.

2019 ஏப்ரலில் ஐகோர்ட்டு இறுதித் தீர்ப்புக் கூறியது. மூலதன மதிப்பு முறை செல்லும், ஆனால் விதிகளில் 20, 21, 22 ஆகியவை செல்லாது என்றது. மாநகராட்சி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நிலமும் கட்டிடமும் இன்று எப்படி இருக்கின்றனவோ அதற்குத்தான் மதிப்புப் போட வேண்டும், எதிர்காலத்தில் என்ன வரும் என்பதற்குப் போடக் கூடாது என்றது. விதிகளுக்குப் பின்தேதியிட்டு வலுக் கொடுக்க முடியாது என்றும் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் பலர் மாநகராட்சி அடுத்த வாரமே காசோலை எழுதிவிடும் என்று நினைத்தார்கள். அப்படி நடக்க வழியில்லை. ஒரு விதி செல்லாது என்றால் வரியே இல்லை என்று ஆகிவிடாது. புதிய விதி வகுக்க வேண்டும். அதன்படி ஒவ்வொரு சொத்துக்கும் மறுபடி கணக்குப் போட வேண்டும். அதைப் பழைய ரசீதுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சமா பாக்கியா என்பது தெரியும். 2010-லிருந்து 2022 வரை 12 ஆண்டுகள். அதற்குள் எத்தனை வீடுகள் கை மாறியிருக்கும், எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய தொகை பெரியவர்களுக்கு

இந்தத் தீர்ப்பால் சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எதிர்கால எப்.எஸ்.ஐ. பற்றிய விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் காலி மனையும் கட்டி முடியாத கட்டிடமும் வைத்திருந்தவர்கள். அவர்கள் பெரும்பாலும் கட்டிட முதலாளிகளும் நிறுவனங்களும். தொகை பெரிதாக இருப்பதும் அங்கேதான். 500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்காரருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரியே உயரவில்லை. ஆகவே அந்தக் காலத்துக்கு அவருக்குத் திரும்ப வர வேண்டியதும் அநேகமாக இல்லை. இடையில் நிற்பவர்கள் 550, 600, 700 சதுர அடி வீட்டுக்காரர்கள். அவர்களுக்குச் சிறிது வரலாம்.

அதன் பிறகு வந்த சலுகையும் இதே இடத்தில்தான் கோடு கிழித்தது. 2019-ல் 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்குப் பொதுவரி என்ற ஓர் இனம் மட்டும் தள்ளுபடி ஆயிற்று. தண்ணீர், கழிவுநீர், கல்வி, மரம், தெரு என்று பில்லில் இருந்த மற்ற இனங்கள் நின்றன. வரியே இல்லை என்று நினைத்திருந்தவர்கள் பில்லைப் பார்த்துத் திகைத்தார்கள். 2022 ஜனவரி 1 முதல்தான் அந்த வீடுகளுக்குச் சொத்து வரி முழுவதும் ரத்து என்று மராட்டிய அரசு அறிவித்தது. சுமார் 16 லட்சம் குடும்பங்களுக்குப் பலன் என்று அப்போது சொல்லப்பட்டது.

மும்பையில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் உள்ள வரியை முன்கூட்டியே கட்டியிருந்தவர், அந்த ஜனவரியிலிருந்து 3 மாதத்துக்குத் தேவையில்லாத பணத்தைக் கட்டியவர் ஆகிறார். தொகை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைக் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வார்டு அலுவலகத்துக்கு ஒருநாள் லீவு போட்டுப் போனால் சம்பளத்தில் இழப்பு அதைவிட அதிகம்.

சிறிய தொகைகளின் கதை இதுதான். தனித்தனியே பார்த்தால் சண்டை போடத் தகுதியில்லாத தொகை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாநகராட்சியின் கணக்கில் வட்டியில்லாமல் கிடக்கும் பெரும் பணம்.

பிழைகள் எங்கே

கோர்ட்டுத் தீர்ப்புகளைவிட, சாதாரணக் கணக்குப் பிழைகளாலேயே சிறிய வீட்டுக்காரர் அதிகம் இழக்கிறார். அந்தப் பிழைகள் சில வகைகளுக்குள் அடங்கும்.

முதலாவது, பரப்பளவு. வீட்டுக்குள் காலால் அளந்து வரும் கார்ப்பெட் அளவு வேறு. சுவரும் சேர்ந்த அளவு வேறு. மாடிப்படியும் லிப்டும் சேர்த்து விற்பனைக்காகச் சொல்லப்படும் அளவு வேறு. விற்பனைப் பத்திரத்தில் உள்ள பெரிய எண் வரிக் கணக்கில் ஏறிவிட்டால், ஆண்டுதோறும் அந்தப் பெரிய எண்ணுக்கே வரி. 500 சதுர அடி என்ற கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு இந்த ஒரு பிழையால் முழு விலக்கே கைநழுவும்.

இரண்டாவது, உபயோகம். முன்பு கடையாக இருந்த அறையில் இன்று குடும்பம் குடியிருக்கும். ஏட்டில் அது இன்னும் கடையாகவே இருக்கும். கடைக்கு வரி பல மடங்கு.

மூன்றாவது, கட்டிடத்தின் வயது. பழைய கட்டிடத்துக்குத் தேய்மானம் உண்டு. கட்டிய ஆண்டு தவறாகப் பதிந்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

நான்காவது, இரட்டைப் பில். வீடு கை மாறும்போதோ, கட்டிடத்தை இடித்துக் கட்டும்போதோ புதிய கணக்கு எண் வரும். பழைய எண் சாகாமல் இருக்கும். இரண்டுக்கும் பில் வரும். அபராதத்துக்குப் பயந்து இரண்டையும் கட்டியவர்கள் உண்டு.

ஐந்தாவது, பணம் கட்டுவதிலேயே வரும் பிழை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒருவர் கட்டிய வரி இன்னொருவர் கணக்கில் ஏறும். வங்கியில் பணம் கழிந்து, மாநகராட்சி ஏட்டில் ஏறாமல் போனதால் மறுபடி கட்டியவர்களும் உண்டு.

முதலில் கட்டு, பிறகு கேள்

புதிய மதிப்பு அல்லது உயர்த்திய மதிப்புப் பற்றி மாநகராட்சி சிறப்பு நோட்டீசு அனுப்பும். அதில் ஆட்சேபம் சொல்ல ஒரு கெடு கொடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கெடுவுக்குள் மனுக் கொடுத்தால் மாநகராட்சியே விசாரிக்க வேண்டும். செலவில்லாத வழி இது ஒன்றுதான். ஊருக்குப் போயிருந்த நேரத்தில் நோட்டீசு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி அலமாரியில் வைத்து, கெடு தாண்டியபின் அதைப் பார்த்தவர்கள் பலர்.

விசாரணை முடிவில் திருப்தியில்லை என்றால் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்கப்பட்ட வரியை முதலில் கட்டியாக வேண்டும். கட்டாமல் வந்தால் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள்.

இதன் பொருள் என்ன? வரி தவறு என்று கோர்ட்டில் வெற்றி பெறும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே அந்தத் தவறான வரியைக் கட்டி முடித்தவர். ஆகவே பணத்தைத் திருப்பித் தருவது என்பது அபூர்வமாக எப்போதோ செய்யும் தயவு அல்ல. முதலில் கட்டு, பிறகு கேள் என்ற சட்டத்தின் மறுபாதி அது. கட்டச் சொல்லும் பாதிக்குத் தேதியும் அபராதமும் வைத்துவிட்டு, திருப்பித் தரும் பாதியை அதிகாரியின் வசதிக்கு விடுவது ஒரு கை மட்டும் உள்ள தராசு.

சட்டம் யார் பக்கம்?

சட்டத்தின் அடிப்படைக் கொள்கை வரி கட்டியவர் பக்கமே இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு.

அரசுக்கு இந்த 72-வது பிரிவு பொருந்துமா என்ற கேள்வி பனாரஸ் விற்பனை வரி வழக்கு ஒன்றில் எழுந்தது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிய வரியையும் திரும்பக் கேட்கலாம் என்று 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று சர்க்கார் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

காலவரம்பு உண்டு. சாதாரணமாக 3 ஆண்டுகள். பிழையால் கட்டிய பணமானால், பிழை தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து அந்த 3 ஆண்டுகள் கணக்கிடப்படும். ரிட் மனு போட்டாலும் சிவில் வழக்குக்கு உள்ள காலவரம்பு தாண்டிவிட்டால் அதைத் தாமதம் என்றே கருதலாம் என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆகவே பிழையைத் தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருப்பவருக்குச் சட்டம் உதவாது.

கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகும் பணத்தைத் தர மறுத்தால்? இதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1960-களில் ஆமதாபாத் மாநகராட்சி ஆலைகளுக்குச் சொத்து வரி விதித்த முறை தவறு என்று கோர்ட்டு கூறியது. வாங்கிய வரியைத் திருப்பித் தர உத்தரவாயிற்று. மாநகராட்சி தரவில்லை. மறுமதிப்பீடு செய்யும் வரை பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று குஜராத்தில் சட்டம் திருத்தப்பட்டது. கோர்ட்டு உத்தரவு எதுவாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டாம் என்று பிறகு ஓர் அவசரச் சட்டமும் வந்தது. 1970-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ரத்து செய்தது. ஒரு தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டக் குறையைச் சட்டசபை நீக்கலாம், ஆனால் தீர்ப்புக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று உத்தரவு போட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதில் உள்ள எச்சரிக்கையையும் கவனிக்க வேண்டும். குறையை நீக்கலாம் என்பது சிறிய அதிகாரம் அல்ல. அதே குஜராத்தில் புரோச் நகராட்சி வழக்கில் 1969-ல் அதுதான் நடந்தது. வரி செல்லாது என்று ஆனபின் சட்டசபை பின்தேதியிட்டுச் சட்டம் இயற்றியது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றது. திரும்ப வரும் என்று எதிர்பார்த்த பணம் வராமல் போயிற்று. கோர்ட்டில் வென்ற வரி கைக்கு வரும் வரை வென்றதாகச் சொல்ல முடியாது.

பெயர் ஒன்று, பணம் ஒன்று

மாநகராட்சிக்குத் தெரிந்தது பில்லில் உள்ள பெயர் மட்டுமே. பணம் யார் பையிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. திருப்பித் தருவது என்றாலும் பெரும்பாலும் ரொக்கமாகத் தருவதில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதே வழக்கம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் மூன்று வகையினர் இதில் ஏமாறுகிறார்கள்.

முதலில், வீட்டை விற்றவர். முலுண்டில் 600 சதுர அடி வீடு வைத்திருந்த ஒரு ரெயில்வே குமாஸ்தாவை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஏட்டில் அவர் வீடு 720 சதுர அடி என்று தவறாகப் பதிந்திருக்கிறது. ஆண்டுக்கு 7,500 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 9,000 ரூபாய் கட்டுகிறார். 8 ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 12,000 ரூபாய். 2018-ல் ஓய்வு பெறுகிறார். வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய்விடுகிறார். வாங்கியவர் வீட்டை அளந்து, பிழையைக் கண்டு, மனுக் கொடுக்கிறார். பழைய பிழையும் சேர்த்துக் கணக்கில் வரவு வைக்கப்பட்டால், 12,000 ரூபாய் வாங்கியவரின் அடுத்த பில்களில் கழிகிறது. கட்டியவருக்குச் செய்திகூடப் போகாது. அவரே 12,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தால், மாதம் 2 சதவீதம் வீதம் ஓராண்டில் அபராதம் மட்டும் 2,880 ரூபாய் ஆகியிருக்கும்.

அடுத்து, கூட்டுறவு வீட்டுச் சொசைட்டி உறுப்பினர். பல கட்டிடங்களில் பில் சொசைட்டியின் பெயரில் மொத்தமாக வரும். ஒவ்வொரு வீட்டின் பங்கும் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையோடு சேர்ந்து வசூலாகும். வரி குறைந்தால் பலனும் சொசைட்டிக்கே வரும். அதை உறுப்பினருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்களா, பொதுச் செலவில் சேர்த்துவிடுகிறார்களா என்பது கமிட்டியின் நேர்மையையும் உறுப்பினர்களின் விழிப்பையும் பொறுத்தது. 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடும் அதைவிடப் பெரிய வீடும் ஒரே கட்டிடத்தில் இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். விலக்குப் பெற்றவரின் பணம் விலக்குப் பெறாதவரின் வரியை அடைத்துவிடும்.

மூன்றாவது, வாடகைக்காரர். பழைய சால்களிலும் பகடி முறைக் கட்டிடங்களிலும் வரி உயரும்போது வீட்டுக்காரர் அந்த உயர்வை வாடகையோடு சேர்த்து வாங்க வாடகைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வரி ஏறினால் வாடகைக்காரர் தலையில். அதே வரி தவறு என்று தீர்ந்து பணம் திரும்பினால் வீட்டுக்காரர் பையில். பாரத்தைப் பிறர்மேல் ஏற்றிவிட்டவர் வரியைத் திரும்பப் பெற்று லாபம் அடையக் கூடாது என்று 1996-ல் மபத்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் பெஞ்சு விரிவாகச் சொன்னது. அது கலால், சுங்கம் போன்ற வரிகளைப் பற்றிய வழக்கு. ஆனால் அதன் நியாயம் பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவருக்கும் பொருந்தும்.

மாநகராட்சியின் பக்கம்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநகராட்சிக்குப் பெரும் வருமானம் தந்துகொண்டிருந்த ஆக்ட்ராய் போய்விட்டது. அதற்கு ஈடாக மாநில அரசு பணம் தருகிறது என்றாலும், தானாக வசூலிக்கும் வருமானத்தில் சொத்து வரியின் முக்கியத்துவம் கூடிவிட்டது. தாராவித் தமிழர்கள் நோய் வந்தால் ஓடும் சயான் ஆஸ்பத்திரி மாநகராட்சியுடையது. பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளிகளும் மாநகராட்சி நடத்துபவை. பல ஆண்டு வரியை ஒரே வருடத்தில் திருப்பித் தரச் சொன்னால் இவற்றில் கை வைக்க நேரும் என்ற பயம் பொய்யல்ல.

ஆனால் இந்த வாதம் பெரிய தொகைகளுக்கே பொருந்தும். அவற்றைத் தவணையில் கழித்துக்கொள்ளலாம். சிறிய வீட்டுக்காரரின் சில ஆயிரங்களுக்கு இந்த வாதத்தைச் சொல்வது பொருந்தாது. ஆஸ்பத்திரி நடத்த வரி வேண்டும் என்பது உண்மை. அதற்காகப் பிழையான பில்லை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகாது.

செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை, உள்ள வழிகளைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

பழைய பில்களையும் ரசீதுகளையும் தூக்கிப் போடக் கூடாது. வீட்டை விற்ற பிறகும் சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பில்லில் உள்ள பரப்பு, உபயோகம், கட்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் விற்பனைப் பத்திரத்தோடும் கட்டிட வரைபடத்தோடும் ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. காலவரம்பு பற்றிய கேள்வி வரும்போது அந்த முத்திரைதான் சாட்சி.

எந்த அடிப்படையில் வரி போட்டார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், மாநகராட்சி மீது வழக்குத் தொடர ஒரு மாத முன் நோட்டீசு தேவைப்படலாம் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டை விற்பவர், தான் இருந்த காலத்து வரியில் ஏதாவது திரும்பினால் அது தனக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பாக்கி இருந்தால் விற்றவர் கட்ட வேண்டும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் எழுதுகிறார்கள். மிச்சம் இருந்தால் என்பதையும் எழுதுவதில் தவறில்லை. சொசைட்டி உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் வரிக் கழிவு எந்தக் கணக்கில் போயிற்று என்று கேட்க வேண்டும். பதில் கூட்டக் குறிப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. மாநகராட்சி செய்ய வேண்டியவை மூன்று. பிழை தெரிந்தவுடன் மனுவுக்காகக் காத்திராமல் கூடுதல் தொகையைக் கணக்கிட்டு பில்லிலேயே காட்ட வேண்டும். கட்டிய காலத்தில் யார் பெயரில் ரசீது போட்டதோ அவருக்கே திருப்ப வேண்டும். தான் வாங்கும் அபராதத்துக்கு ஈடாகத் தானும் வட்டி தர வேண்டும். கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கும் இந்நாளில் இவற்றில் எதுவும் முடியாத காரியம் அல்ல. பாக்கிதாரரின் பெயரை ஒரு நொடியில் கண்டுபிடிக்கும் அதே கம்ப்யூட்டர், கூடுதலாகக் கட்டியவரின் பெயரையும் கண்டுபிடிக்கும்.

பாளையங்கோட்டையில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குமாஸ்தாவுக்கு 12,000 ரூபாய் என்பது ஒரு வருட மருந்துச் செலவாக இருக்கலாம். அவர் அதைக் கேட்கவில்லை. தனக்கு அது வர வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அது தெரிந்த அலுவலகம் அவருக்குச் சொல்லாமல் இருப்பது எந்தச் சட்டப்படியும் வரி ஆகாது.